‘எவடம் பிள்ளை?’ என்று கேட்கப்படும்போது

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த கடிதத்தை எழுதியவர் 29 வயதுச் சகோதரி. வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் தங்கியிருந்து கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தந்தை காலமாகிவிட்டார், தாய் இன்னமும் மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்கிறார். தந்தை இளைஞராக இருந்தபோது குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தது. இவருக்குத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.

கொழும்புக்கு வந்து சேர்ந்த சபையில் “எவடம் பிள்ளை?” (எந்த ஊர்?) என்று கேட்டவர்களுக்கு, முதல் ஆண்டிலேயே “கண்டிப் பக்கம்” என்று பதில் சொல்லத் தொடங்கியதாக எழுதுகிறார். “வாங்க, போங்க” என்ற பேச்சு மெல்ல மெல்ல யாழ்ப்பாணத்து “வாங்கோ, போங்கோ” ஆயிற்று. தாயோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் பழைய பேச்சு வரும். அது யார் காதிலும் விழாதிருக்க மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அதே சபையில் யாழ்ப்பாணப் பின்னணி கொண்ட ஓர் இளைஞரை விரும்புகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால், “அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம், கலியாணம் முடிஞ்ச பிறகு பாப்பம்” என்கிறார். அந்தத் தாயோ இன்னொருவரிடம், “நல்ல பிள்ளைதான், ஆனா தோட்டத்து ஆக்களோ தெரியாது” என்று சொல்லியது இவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் கற்பிக்க விரும்பியபோது, “ஆக்கள் ஏற்றுக்கொள்ளமாட்டினம்” என்று குழுவில் ஒருவர் தடுத்திருக்கிறார். போதகரிடம் போனால், “கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று, பழைய அடையாளங்களைக் கிளறாதீர்கள்” என்று ஜெபித்து அனுப்பிவிட்டார்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: “நான் இனிமேல் கிறிஸ்தவள் மட்டும். தமிழ், மலையகம், சாதி, ஊர் எதுவும் எனக்கு வேண்டாம். அப்பாவின் பெயரையும் மாற்றிவிட்டு ஒரு வேதாகமப் பெயரை வைத்துக்கொள்ளப்போகிறேன். இது சரிதானே?” கடிதத்தின் கடைசியில், வேறு மையால் எழுதியது போல, ஒரு பத்தி சேர்க்கப்பட்டிருக்கிறது. கடந்த ஆண்டு தாய் கொழும்புக் கண் வைத்தியசாலைக்கு வந்திருந்தபோது ஞாயிறு ஆராதனைக்குக் கூட வந்தார். தேநீர் நேரத்தில் இளைஞரின் தாய், “இவ ஆர் பிள்ளை?” என்று கேட்க, இவர், “ஊரில தெரிஞ்ச ஒராள், மருந்துக்கு வந்தவ” என்று சொல்லிவிட்டார். தாய் அருகில்தான் நின்றார். போர்டிங்குக்குத் திரும்பும் வழியில், “நீ நல்லா இருந்தா போதும் புள்ள” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அந்தக் கடைசிப் பத்தியை நீங்கள் கேள்வியாக எழுதவில்லை. ஆயினும் உங்கள் கேள்விகள் அனைத்தும் அதிலிருந்துதான் புறப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுவதால், அதற்கு இறுதியில் வருகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதருடைய ஆழமான அடையாளம் அவர் பிறந்த இடத்திலோ சாதியிலோ சம்பளத்திலோ இல்லை, அவரைப் படைத்து மீட்டவர் அவரை யாரென்று அழைக்கிறாரோ அதில்தான் இருக்கிறது என்று நீங்கள் நம்புவது சரி. ஒரு கிறிஸ்தவ உளவளத்துணையாளனாக நானும் அதையே நம்புகிறேன். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும், கிறிஸ்துவில் அடையாளம் காண்பது என்பதும், கிறிஸ்துவின் பெயரைப் போர்த்திக்கொண்டு மற்ற அடையாளங்களை மறைத்துக்கொள்வது என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பயம் குறையும், இரண்டாவதில் கூடும். உங்கள் கடிதத்தில் பயம் கூடிக்கொண்டே போகிறது. ‘கண்டிப் பக்கம்’ என்பது உங்களைக் காப்பாற்றப் போதாமற் போனபோது, ‘கிறிஸ்தவள் மட்டும்’ என்பதை அதன் இடத்தில் வைக்கிறீர்கள். அந்தப் பதிலையும் ஒரு நாள் யாராவது தோண்டிவிடுவார்களோ என்ற கவலை உங்கள் வரிகளுக்கிடையில் இப்போதே தெரிகிறது.

உங்கள் கோபம் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் மேல் ஒட்டப்பட்ட பெயர் நேற்று ஒரு தேநீர்க் கோப்பையோடு வந்ததல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவர்களின் சந்ததியாரான மலையக மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மனிதரைத் தொகை தொகையாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்ட எத்தனையோ பேருக்கு இந்தியாவில் ஒரு வாசற்படிகூட இல்லை. திருச்சபையும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 1854 இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தொடங்கப்பட்ட மிஷனின் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. அதற்கு முன்பே, 1833 இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, அதற்கு இணங்காமல் சபையை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. இத்தனை காலத்துப் பாரத்தை ஒற்றை மனிதராகச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரித்த முகத்தோடு ஆலயத்துக்குப் போகிறீர்கள். கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அந்த வசனம் யாரை நோக்கி எழுதப்பட்டது?

போதகர் உங்களிடம் சொன்னது கலாத்தியர் 3:28. “யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை, நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்.” அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பக்கம் முன்னால் திருப்பி இரண்டாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாக, அவரை எதிர்த்தார். இந்தச் சம்பவத்தைச் சொல்லிய அதே நிருபத்தில்தான் ‘எல்லாரும் ஒன்று’ என்ற வசனம் வருகிறது. பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர்களைப் பார்த்து, ‘கிளறாதீர்கள், நாமெல்லாரும் ஒன்றுதானே’ என்று பவுல் சொல்லவில்லை. விலகிப் போனவரைப் பார்த்து, ‘நாமெல்லாரும் ஒன்று என்றால் நீர் ஏன் எழுந்து போனீர்?’ என்று கேட்டார். உங்கள் சபையில் அந்த வசனம் திசைமாறி உங்களை நோக்கி நிற்கிறது. போதகரை இன்னொரு முறை சந்திக்கும்போது இதைப் பணிவோடு, ஆனால் தெளிவாகச் சொல்லலாம். அவரிடம் கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டு.

உங்களுடைய எண்ணம் ஒன்றையும் இங்கே திருத்த விரும்புகிறேன். பவுல் தன் குலப்பெருமைகளைக் ‘குப்பை’ என்று எண்ணியதை மேற்கோள் காட்டி, நீங்களும் அப்படியே செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் அவர் தூக்கி எறிந்தவை எவை என்று பாருங்கள்: பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். எல்லாமே அவருக்கு மரியாதையும் முன்னிருக்கையும் தந்த பெயர்கள்; ‘எனக்கு லாபமாயிருந்தவைகள்’ என்று அவரே சொல்கிறார். நீங்கள் எறிய நினைப்பவை உங்களுக்கு லாபமாக இருந்தவையா? அவை உங்களுக்குக் காயமாக இருந்தவை. உயர்வு தந்த பெயரை விட்டுக்கொடுப்பது தாழ்மை. இழிவுபடுத்தப்பட்ட பெயரை வெட்கத்தால் மறைப்பதற்கு அதே சொல்லைப் பயன்படுத்தினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். மேலும், அதே பவுல், சவுக்கால் அடிப்பதற்காகக் கட்டப்பட்டபோது, தான் உரோமக் குடியுரிமை உள்ளவன் என்பதை எடுத்துச் சொல்லத் தயங்கவில்லை. எந்தப் பெயரிலும் அவருடைய உயிர் தங்கியிருக்கவில்லை. அதனால் ஒன்றை விடவும் முடிந்தது, வேண்டிய இடத்தில் ஒன்றைச் சொல்லவும் முடிந்தது.

அவர் தமஸ்குவுக்குப் போகும் வழியில் விழுந்து, “ஆண்டவரே, நீர் யார்?” என்று கேட்டபோது கிடைத்த பதிலை அப்போஸ்தலர் நடபடிகள் 22 ஆம் அதிகாரத்தில் அவரே நினைவுகூருகிறார்: “நீ துன்பப்படுத்துகிற நசரேயனாகிய இயேசு நானே.” பல ஆண்டுகள் இந்த வசனத்தைக் கவனியாமலே கடந்துபோயிருக்கிறேன். நாசரேத்து எப்படிப்பட்ட ஊர்? “நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?” என்று நாத்தான்வேல் கேட்ட ஊர். அந்தக் காலத்து ‘தோட்டத்து ஆக்களோ தெரியாது’ அதுதான். உயிர்த்தெழுந்து, மகிமையில் இருப்பவர், தம்மை அறிமுகப்படுத்த வேறு எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். தாம் வளர்ந்த ஏளனத்துக்குரிய கிராமத்தின் பெயரை அவர் கைவிடவில்லை. கிறிஸ்துவில் அடையாளம் தேடுகிறீர்கள் என்றால், சகோதரி, நீங்கள் போய்ச் சேரும் கிறிஸ்து தம் ஊர்ப்பெயரோடு நிற்பவர்.

தந்தையின் பெயரை மாற்றுவது

சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவாளர் நாயகத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். அதன்பின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, கல்விச் சான்றிதழ்கள் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். கணக்காய்வுத் தொழிற்றகைமைப் பரீட்சைகளில் பாதி வழியில் நிற்கும் உங்களுக்கு இது சிறிய அலைச்சலாக இராது. ஆனால் அலைச்சலுக்காக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தந்தையின் பெயர் ஒரு குலதெய்வத்தின் பெயர் என்பதால் ஒரு கிறிஸ்தவருக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை நிறுத்துகிறது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் விசுவாசிகளின் பட்டியலைப் பாருங்கள். எர்மே, நேரே: இவை கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள். சபைக்கு ஊழியக்காரியாயிருந்த பெபேயாளின் பெயர்கூட ஆர்த்தெமி தேவிக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று. யாரும் அவர்களைப் பெயர் மாற்றச் சொல்லவில்லை. உங்கள் தந்தையும் அந்தப் பெயரோடுதான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயரோடுதான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றார்.

ஆகவே, பெயர் மாற்றத்துக்குக் காரணம் விசுவாசம்தானா, அல்லது அந்தப் பெயரைக் கேட்டவுடன் கொழும்பில் சிலர் உங்களை எந்த லயத்தில் நிறுத்துவார்கள் என்ற பயமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். உண்மையில் பயம் என்றால், ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். பயத்தில் கையெழுத்திட்ட காகிதங்களைப் பின்னாளில் பார்க்கும்போது மனிதர் படும் வருத்தத்தை என் அறையில் அடிக்கடி காண்கிறேன்.

உங்கள் ஊர்ப்பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காலையில் வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் பதியப்பட்டால்தான் அன்றைய வேலை. கொழுந்து போதிய கிலோ வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். உங்கள் தாய் எத்தனை நாட்கள் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பியிருப்பார்! நிறுக்கும் தராசு இறங்கவில்லை என்பதற்காக ஒரு மனிதரின் நாளும் பேரும் பாதியாகிவிடும் உலகம் அது. வெள்ளவத்தையிலும் நீங்கள் ஒரு தராசின் முன்னால்தான் நிற்கிறீர்கள்; பேச்சுச் சரியா, ஊர் சரியா, ஆக்கள் யார் என்று நிறுத்து உங்களுக்கு அரைப்பேர் போடுகிறார்கள். ஏசாயா 43 இல் “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்” என்று சொல்லப்படுவது எந்த நிறுவையும் நடப்பதற்கு முன்னால். அங்கே கொடுக்கப்படுவது முழுப்பேர்.

திருமணப் பேச்சில் உள்ள வழிகள்

திருமணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்ற வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது உங்கள் நண்பருக்கு இலேசான வழி. உங்களுக்கு மிகவும் செலவான வழி. தாயை எங்கே உட்கார வைப்பீர்கள்? திருமண அழைப்பிதழில் எந்த விலாசம் போடுவீர்கள்? சாட்சிக் கையெழுத்துப் போட உங்கள் பக்கத்திலிருந்து யார் வருவார்? மறைப்பது ஒரு நாளோடு முடியாது. பிள்ளை பிறந்த பிறகும், அம்மம்மா ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அந்தப் பிள்ளை கேட்கும்வரை நீளும். அதைவிடப் பெரிய ஆபத்து, தெரியவரும்போது அந்தக் குடும்பம் உங்கள் பிறப்பைக் குறைசொல்லத் தேவையே இராது. ‘பொய் சொல்லிவிட்டாள்’ என்று சொன்னால் போதும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் ஒரு விடயத்தில் அதை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்களே போய் அந்தத் தாயிடம் சொல்வது இரண்டாவது வழி. துணிச்சலானது, ஆனால் முதற்படியாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு தீர்ப்புக்காக நீங்கள் தனியே போய் நிற்பது போலாகிவிடும்.

அவர் தன் தாயிடம் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. “நான் விரும்பும் பிள்ளை தோட்டத்தில் பிறந்தவள், அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர், இதை நான் தெரிந்துகொண்டுதான் விரும்புகிறேன்” என்ற மூன்று வாக்கியங்களும் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அதற்கு ஒரு காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அவரைக் கோழை என்று நான் இப்போதே முத்திரை குத்தவில்லை. தாயை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் உண்மையானது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் மாமியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; அவரைப் பற்றி நான்கு வரிகள்தான். நீங்கள் வாழப்போவது அவரோடு. பந்தி வரும்போது அவர் எழுந்து போகிறவரா, பக்கத்தில் உட்காருகிறவரா என்பதைத் திருமணத்துக்கு முன்பே நீங்கள் அறிய வேண்டும். காலம் கடந்தும் அவரால் சொல்ல முடியவில்லை என்றால், அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. உங்களை மணம் முடிக்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அர்த்தம். சொல்லிய பின்பும் தாய் சம்மதிக்காவிட்டால், இருவரும் 18 வயதைக் கடந்தவர்கள் என்பதால் சட்டப்படி பெற்றோர் அனுமதி தேவையில்லை. எனினும் யாருக்காவது எதையாவது நிரூபிப்பதற்காக அவசரமாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எவடம்?’ என்று கேட்கும் எல்லாரும் தராசோடு வருவதில்லை. போர் தொடங்கிய 1983 க்குப் பிறகும், 1990களிலும் வீட்டையும் ஊரையும் விட்டுவந்து கொழும்பில் ஒதுங்கிய பலருக்கு அந்தக் கேள்வி, தொலைந்துபோன தங்கள் ஊரின் ஒரு முகத்தையாவது கண்டுபிடித்துவிட முடியாதா என்ற தவிப்பு. ‘தோட்டத்து ஆக்களோ தெரியாது’ என்று அவர் சொன்னதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அது உங்களை நோகடித்தது, நோகடிக்கத்தான் செய்யும். ஆனாலும் “யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாரும் இப்படித்தான்” என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான் அப்படியே விட்டுவிட முடியாது. அது உங்களுக்குச் செய்யப்பட்டதையே திருப்பிச் செய்வது. 1948 இல் மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, தன் கட்சியின் தலைமையோடு முரண்பட்டு வெளியேறி, 1949 டிசெம்பரில் புதிய கட்சி தொடங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம் தெல்லிப்பழையில் வளர்ந்த கிறிஸ்தவர். அவரைப் பெரும்பாலும் சைவர்கள் வாழ்ந்த காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

சட்டம் உங்களுக்கு எதைத் தரும்

ஞாயிறு பாடசாலை விடயத்தில் சட்டத்தை நாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. 12(3) இன்னும் நேரடியாக, ஒருவர் தம் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குச் செல்வதை இனத்தாலோ சாதியாலோ யாரும் தடைசெய்யலாகாது என்கிறது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவர்மேல் இயலாமைகளைச் சுமத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் உங்களை யாரும் ஆலயத்தில் நுழையவிடாமல் தடுக்கவில்லை. சபைக்குள் பொறுப்புகளைக் கொடுப்பது சபையின் சொந்த யாப்பின்படி நடப்பது. உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு என்பது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. ஆகவே முதலில் போதகருக்கு எழுத்தில் கொடுங்கள்: நான் இன்ன திகதி விண்ணப்பித்தேன், இன்ன காரணம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, அது சபையின் நிலைப்பாடா? எழுத்தில் கேட்கப்படும்போது ‘ஆக்கள் ஏற்றுக்கொள்ளமாட்டினம்’ என்பதற்குக் கையெழுத்திட யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள். பதில் வராவிட்டால் உங்கள் சபைப்பிரிவின் மேலதிகார மன்றத்துக்குப் போகலாம். சபையை மாற்றுவதும் தவறல்ல. ஆனால் அங்கேயும் ‘கண்டிப் பக்கம்’ என்று தொடங்குவதானால் மாற்றத்தால் பயனில்லை.

இரண்டு மாதமாகச் சரியான உறக்கமில்லை, சனிக்கிழமை இரவானால் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருப்பதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்ப வைத்தியரைப் பாருங்கள். தாங்க முடியாத இரவு வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஜெபமும் செய்யுங்கள், அழைப்பையும் எடுங்கள்.

இனி உங்கள் அம்மா.

“பேதுருவைப் போல மறுதலித்துவிட்டேன், எனக்கு மன்னிப்பு உண்டா?” என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இயேசு பிடிபட்ட இரவில், பேதுருவைப் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் காட்டிக்கொடுத்தது எது என்று நினைவிருக்கிறதா? அவருடைய கலிலேயப் பேச்சு. “உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது” என்றார்கள். அவரும் ஒரு தலைநகரத்தில், தன் ஊர்ப்பேச்சு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நடுங்கிக்கொண்டு, தனக்கு மிக நெருங்கியவரைத் தெரியாது என்று சொன்னார். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட காலையில், கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தவர், தாமே சூட்டிய ‘பேதுரு’ என்ற பெயரால் அவரை அழைக்கவில்லை. மூன்று முறையும், “யோனாவின் குமாரனாகிய சீமோனே” என்றுதான் அழைத்தார். தகப்பன் பெயரோடு, பழைய பெயரால். மறுதலித்த மனிதரை முழுமையாக, அவர் வந்த வீட்டோடு சேர்த்து, எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அம்மாவிடமும் கேட்க வேண்டும். மன்னிப்பை மொட்டைமாடித் தொலைபேசியில் கேட்காமல், ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய்க் கேளுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். “அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேம்மா” என்று உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். அவர், “அதெல்லாம் பரவால்ல” என்று பேச்சை மாற்றப் பார்ப்பார். மாற்ற விடாதீர்கள், அவருக்கு வலித்ததா என்று கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு அவர் கொழும்புக்கு வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தியசாலைத் திகதி வாரநாளாக இருந்தாலும் ஞாயிறுவரை அவரைப் போர்டிங்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனைக்குக் கூட்டிப் போய், எப்போதும் நீங்கள் உட்காரும் வரிசையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். தேநீர் நேரத்தில் யாராவது, “இவ ஆர் பிள்ளை?” என்று கேட்பார்கள். பதிலை இப்போதே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்: “எங்க அம்மாங்க. தோட்டத்தில இருந்து வந்திருக்காங்க.”